‘அ’ வடிவத்துக்குள் போட்டோ: ஸ்லைடில் முடியுமா, முடியாதா?

கேள்வி, 3 ஜனவரி 2025, மாலை 6.10

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. பிப்ரவரியில் ஆண்டு விழா. பிள்ளைகளின் படங்கள் ‘அ’, ‘ஃ’ மாதிரி எழுத்துகளுக்குள்ளும் தமிழ்நாட்டு வரைபடத்துக்குள்ளும் தெரிகிறாற்போல ஸ்லைடு செய்ய ஆசை. கூகுள் ஸ்லைட்ஸில் வட்டம், இதயம், நட்சத்திரம் எல்லாம் கிடைக்கிறது. நாமே வரைந்த வடிவத்தில் படத்தை வெட்ட வழி தெரியவில்லை. “அதெல்லாம் போட்டோஷாப் வேலை, ஸ்லைடில் நடக்காது” என்கிறார் எங்கள் கம்ப்யூட்டர் சார். உண்மையா?

3 ஜனவரி, இரவு 9.35

சார் சொல்வது பாதி சரி டீச்சர். கூகுள் ஸ்லைட்ஸில் நேரடியாக நடக்காது. பவர்பாயின்ட்டில் 2013 பதிப்பிலிருந்தே தாராளமாக நடக்கும்.

ஸ்லைட்ஸில் படத்தைத் தொட்டால் மேலே கிராப் பொத்தான் வரும், பக்கத்தில் குட்டி முக்கோணம். அதை அழுத்தினால் நான்கு பட்டியல்: வடிவங்கள், அம்புகள், பேச்சுக் குமிழிகள், கணிதக் குறிகள். கடையில் இருக்கிற சரக்கு அவ்வளவுதான். பாலிலைன் கருவியால் மூடிய உருவம் வரையலாம், அதற்கு வண்ணம் பூசலாம், ஆனால் அதற்குள் போட்டோ போட இடமே இல்லை.

பவர்பாயின்ட்டில் இப்படி:

டெக்ஸ்ட் பாக்ஸில் ‘அ’ என்று அடியுங்கள். எழுத்தளவைக் கூச்சப்படாமல் 400, 500 என்று ஏற்றுங்கள். அதைப் படத்தின் மேல் வையுங்கள். முதலில் படத்தைச் சொடுக்குங்கள், பிறகு ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு எழுத்தைச் சொடுக்குங்கள். ஷேப் ஃபார்மட் பட்டியில் மெர்ஜ் ஷேப்ஸ், அதில் இன்டர்செக்ட் (இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தை மட்டும் வைத்துக்கொள்வது). ‘அ’ வடிவத்தில் போட்டோ நிற்கும்.

எழுத்துக்குப் பதில் நீங்கள் வரைந்த எந்த உருவமும் இருக்கலாம். முறை ஒன்றேதான்.

3 ஜனவரி, இரவு 9.50

சொல்ல விட்டது: எதை முதலில் தொடுகிறோம் என்பது முக்கியம். முதலில் தொட்டதன் தோற்றம்தான் மிஞ்சும். எழுத்தை முதலில் தொட்டால் கருப்பு ‘அ’தான் கிடைக்கும், போட்டோ காணாமல் போகும். “எனக்கு வேலை செய்யவில்லை” என்று இங்கே வந்து புலம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

4 ஜனவரி, காலை 7.20

டீச்சர் செய்து பார்த்து அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன். முறை சரியாக வந்திருக்கிறது, ஆனால் உள்ளே என்ன படம் என்றே தெரியவில்லை. காரணம் எழுத்துரு. விண்டோஸில் வரும் லதாவும் நிர்மலாவும் படிக்க நல்லவை, ஜன்னலாக நிற்க ஒல்லி. ஒரு குழந்தையின் மூக்கும் பாதிக் காதும்தான் அந்தக் கோட்டுக்குள் அடங்கும்.

தடித்த எழுத்துரு எடுங்கள். பாலூ தம்பி 2 நல்ல குண்டு. முக்தா மலரின் எக்ஸ்ட்ராபோல்டு, கட்டமரான் பிளாக், நோட்டோ சான்ஸ் தமிழ் பிளாக் எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். என் ஓட்டு பாலூ தம்பிக்கு. முனைகள் உருண்டு இருப்பதால் குழந்தைகள் படத்தோடு ஒட்டும்.

எழுத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ட’வுக்குள் போட்டோ போட்டால் இரண்டு குச்சிதான் தெரியும். ‘ப’வும் அப்படியே, மூன்று பக்கமும் சட்டம், நடுவில் வெறும் காற்று. ‘ண’, ‘ஐ’, ‘ஜ’ பரவாயில்லை, நிறைய வளைவு இருப்பதால் வண்ணம் பரவித் தெரியும். ஆனால் முகம் தெரிய வேண்டுமென்றால் எந்த எழுத்தும் கைகொடுக்காது. எழுத்துக்குள் கூட்டம், திருவிழா, கோலம், பூக்கள், வகுப்பறைச் சுவர் மாதிரி எந்தத் துண்டைப் பார்த்தாலும் புரிகிற படங்களைப் போடுங்கள். முகங்களுக்கு வட்டமே போதும்.

விதிவிலக்கு ‘ஃ’. மூன்று வட்டம், மூன்று முகம். ஆய்த எழுத்துக்கு இப்படியொரு வேலை இருக்கும் என்று தொல்காப்பியர் நினைத்திருக்க மாட்டார்.

4 ஜனவரி, மதியம் 2.15

“கோரல்டிராவில் பவர்கிளிப் ஒரே சொடுக்கு, இதற்குப் போய் இவ்வளவு பாடா?” என்று கேட்கிறார் ஃபிளெக்ஸ் கடை நண்பர். பவர்கிளிப் என்பது அந்த வரைகலை மென்பொருளில் படத்தை வடிவத்துக்குள் அடைக்கும் வசதி. அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். பவர்கிளிப் மாதிரி சுகமானது பவர்பாயின்ட்டில் இல்லை. உள்ளே போட்ட படத்தைத் திறந்து நகர்த்தி மறுபடி மூடுகிற வசதி அதில் அருமை. ஆனால் டீச்சரிடம் இருப்பது பள்ளி லேப்டாப், அதில் இருப்பது ஆபீஸ். கல்யாண ஆல்பம் போடுகிறவரின் கருவியை அவர் எதற்கு வாங்க வேண்டும்?

அச்சுப் பக்கம் பேச்சு வந்ததால் ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த சிவகாசி அச்சகத்தில் பெரியவர் ஒருவர் ரூபிலித் தாளில் மாஸ்க், அதாவது படத்தின் வேண்டாத பகுதியை மறைக்கும் மூடி, வெட்டுவார். தெளிவான பிளாஸ்டிக் மேல் சிவப்புப் படலம் ஒட்டியிருக்கும். படலத்தை மட்டும் கத்தியால் கீறி, வேண்டாத இடத்தில் உரித்தெடுக்க வேண்டும். அச்சுக்குப் பயன்படுத்தும் லித்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, அதனால் சிவப்பு இருக்கிற இடம் அதற்குக் கருப்பு மாதிரி. காலண்டர் சாமிப் படங்களின் ஒளிவட்டத்தை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவார். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அடித்தாளும் கீறிவிடும், மறுபடி முதலிலிருந்து. கன்ட்ரோல் இசட் கிடையாது.

6 ஜனவரி, இரவு 8.05

டீச்சர்: “எழுத்தை முதலில் வடிவமாக்கிவிட்டு, பிக்சர் ஃபில் கொடுத்தேன். பிள்ளைகள் எல்லாரும் நசுங்கித் தெரிகிறார்கள்.”

ஆமாம், அது அப்படித்தான். பிக்சர் ஃபில் கொடுக்கும்போது படத்தை வடிவத்தின் நீள அகலத்துக்கு இழுத்துவிடும். அகலமான போட்டோவை உயரமான எழுத்துக்குள் ஊற்றினால் ஆள் ஒல்லியாகிவிடுவார். வடிவம் தேர்வில் இருக்கும்போதே பிக்சர் ஃபார்மட் பட்டி தெரியும், அதில் கிராப்புக்குக் கீழே ஃபில் என்று இன்னொன்று இருக்கிறது. அதை அழுத்தினால் படம் தன் விகிதத்துக்குத் திரும்பி, வடிவத்தை நிறைத்து, மிச்சம் வெளியே வழியும். பக்கத்தில் இருக்கும் ஃபிட் வேறு: முழுப் படமும் உள்ளே அடங்கும், ஓரத்தில் காலி இடம் விழும். நமக்கு வேண்டியது ஃபில்.

வட்டத்துக்கும் இதே தொல்லை. செவ்வகப் போட்டோவில் வட்டம் போட்டால் முட்டை வரும். கிராப்பில் ஆஸ்பெக்ட் ரேஷியோ 1:1 கொடுத்தால் தீர்ந்தது.

அப்புறம் ‘ஃ’ பற்றி இன்னொன்று. மூன்று வட்டங்களையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் படம் நிரப்பினால் ஒவ்வொன்றிலும் அதே படம் முழுதாக விழும். மூன்றையும் குரூப் செய்துவிட்டு, குரூப்பைத் தொட்டு நிரப்பினால் ஒரே படம் மூன்றிலும் பரவும், மூன்று ஜன்னல் வழியாக ஒரே காட்சியைப் பார்க்கிற மாதிரி. பள்ளி முகப்புப் படத்தை இப்படிப் போட்டுப் பாருங்கள். எனக்கு இதில் இது ரொம்பப் பிடித்த வித்தை, பலருக்குத் தெரிவதில்லை.

7 ஜனவரி, காலை 6.45

“எங்கள் ஆபீசில் கூகுள் ஸ்லைட்ஸ் மட்டும்தான், பவர்பாயின்ட் கிடையாது” என்று இன்னொருவர். உங்களுக்கு இரண்டு வழி.

முதல் வழி, வேறெங்காவது வெட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜி ஆக்கிக் கொண்டுவருவது. நடக்கும், ஆனால் படம் மாறினால் எல்லாம் முதலிலிருந்து.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. படத்தை வெட்டாதீர்கள், மேலே மூடி போடுங்கள். வாசலில் உருட்டுகிற ஓட்டைத் தகரக் கோல அச்சு மாதிரி. ஸ்லைடு நிறத்திலேயே பெரிய செவ்வகம், அதன் நடுவில் வேண்டிய வடிவத்தில் ஓட்டை. அடியில் சாதாரணச் செவ்வகப் போட்டோ. அடியில் இருப்பதை எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம், மாற்றலாம்.

ஓட்டை போட்ட செவ்வகத்தை ஸ்லைட்ஸிலேயே செய்ய முடியாது. பவர்பாயின்ட் இருக்கும் யாரிடமாவது ஒருமுறை கேட்டு வாங்குங்கள்: செவ்வகத்தை முதலில் தொட்டு, பிறகு வடிவத்தைத் தொட்டு, மெர்ஜ் ஷேப்ஸில் சப்ட்ராக்ட் (முதலாவதிலிருந்து இரண்டாவதை வெட்டி எடுப்பது). அந்தக் கோப்பை ஸ்லைட்ஸில் திறந்தால் ஓட்டைச் செவ்வகம் வடிவமாகவே வரும், நிறமும் மாற்றலாம். அளவு பற்றிக் கவலை வேண்டாம். பவர்பாயின்ட்டின் 13.333 × 7.5 அங்குலமும் ஸ்லைட்ஸின் 10 × 5.625 அங்குலமும் 16:9 தான்.

ஸ்லைடின் பின்னணி ஒரே நிறமாக இருந்தால்தான் இது எடுபடும். பின்னணியில் டிசைனோ சாய்வு நிறமோ இருந்தால் மூடி காட்டிக்கொடுத்துவிடும்.

9 ஜனவரி, இரவு 10.30

வரைபடத்துக்கு வருவோம்.

எஸ்விஜி (புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்த படம்) கோப்பாகக் கிடைக்கும் வரைபடத்தை எடுங்கள். புதிய பவர்பாயின்ட்டில் எஸ்விஜி நேராக உள்ளே வரும். அதன்மேல் கன்வர்ட் டு ஷேப் கொடுத்தால் மாவட்டங்கள் தனித்தனி வடிவங்களாகப் பிரியும். ஒரே மாநில உருவம் வேண்டுமானால் குரூப்பை உடைத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மெர்ஜ் ஷேப்ஸில் யூனியன் (எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பது). மாவட்டத்துக்கு ஒரு படம் வேண்டுமானால் யூனியன் வேண்டாம், ஒவ்வொன்றிலும் தனியாக நிரப்புங்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இணையத்தில் சுற்றும் வரைபடங்களில் நிறைய 32 மாவட்டம் உள்ள பழையவை. 2019ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்தன, 2020ல் மயிலாடுதுறை. இப்போது 38. ஆண்டு விழாவுக்குத் தென்காசியிலிருந்து ஒரு பெற்றோர் வந்து “எங்க ஊர் எங்கே?” என்று கேட்டால் மேடையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இன்னொன்று, கடற்கரையில் புதுச்சேரியும் காரைக்காலும் இருக்கும் இடத்தில் வரைபடத்தில் கடி விழுந்திருக்கும். அது கோளாறு இல்லை, அவை தமிழ்நாடு இல்லை. அந்த இடத்தை அடைத்து அழகுபடுத்தாதீர்கள்.

கடற்கரை முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும். யூனியன் கொடுத்தால் பழைய லேப்டாப் திணறும். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் திறந்து, கோட்டைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் எல் அழுத்தினால் புள்ளிகள் குறையும். இரண்டு தடவைக்கு மேல் அழுத்தாதீர்கள், வேதாரண்யம் பக்கத்துக் கோடிக்கரை முனை மொட்டையாகிவிடும்.

9 ஜனவரி, இரவு 10.41

கோடிக்கரை மொட்டையானால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டவருக்கு: வேதாரண்யத்துக்காரர்களிடம் கேளுங்கள்.

10 ஜனவரி, மதியம் 1.00

ஃபிளெக்ஸ் அண்ணன் மறுபடி வந்திருக்கிறார். அவர் கடையில் வடிவமெல்லாம் யாரும் கேட்பதில்லையாம், கேட்பது வட்டம் மட்டும்தானாம். ஆனால் எந்தத் தலைவருக்கு எத்தனை செ.மீ. வட்டம், யார் வட்டம் யார் வட்டத்துக்கு மேலே என்பதில் இரவு முழுக்கப் பஞ்சாயத்து நடக்குமாம். நாம் இங்கே பேசுவதெல்லாம் சின்னப் பிரச்சினை.

13 ஜனவரி, காலை 9.10

டீச்சர் அனுப்பிய ஸ்லைடுப் பட்டியலைப் பார்த்த பிறகு, முதல் நாள் சொன்ன இன்டர்செக்ட் முறையை இந்த வேலைக்கு இப்போது முதல் வழியாகச் சொல்லமாட்டேன். அது தனிப் படத்துக்கு நல்லது. இங்கே வகுப்புக்கு வகுப்பு ஸ்லைடு, படங்கள் விழாவுக்கு முந்தைய நாள் வரை வந்துகொண்டே இருக்கும், தலைமை ஆசிரியர் “அந்தப் படத்தை மாத்திடுங்க” என்பார். ஒவ்வொரு படத்தையும் வெட்டிக்கொண்டிருந்தால் விடியாது.

வடிவத்தை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டு, படத்தைக் கடைசியில் ஊற்ற வேண்டும். அதற்குப் பவர்பாயின்ட்டில் இருப்பது பிளேஸ்ஹோல்டர், படம் வரப்போகும் இடத்தைப் பிடித்து வைக்கும் காலிப் பெட்டி.

வியூ, ஸ்லைடு மாஸ்டர். அதில் ஒரு லேஅவுட்டை (ஸ்லைடு அச்சு) எடுத்து, இன்செர்ட் பிளேஸ்ஹோல்டரில் பிக்சர் தேர்ந்தெடுத்துப் பெரிய கட்டம் வரையுங்கள். உங்கள் வடிவத்தை அதன்மேல் வையுங்கள். பிளேஸ்ஹோல்டரை முதலில் தொட்டு, வடிவத்தை இரண்டாவதாகத் தொட்டு, அதே இன்டர்செக்ட். இப்போது பிளேஸ்ஹோல்டரே அந்த வடிவத்துக்கு மாறிவிடும். மாஸ்டரை மூடுங்கள். அந்த லேஅவுட்டில் புதிய ஸ்லைடு திறந்து நடுவில் இருக்கும் படக் குறியைச் சொடுக்கினால், தேர்ந்தெடுக்கும் படம் தானாக வடிவத்துக்குள் போய் உட்காரும். பிடிக்கவில்லையா, படத்தை அழியுங்கள், பிளேஸ்ஹோல்டர் காலியாகத் திரும்பி வரும், வேறு படம் போடுங்கள்.

இதில் பெரிய லாபம், வேலையைப் பங்கு போடலாம். வடிவம் தெரிந்த ஒருவர் லேஅவுட் செய்தால் போதும். மற்ற ஆசிரியர்களுக்கு மெர்ஜ் ஷேப்ஸ் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியத் தேவையில்லை.

13 ஜனவரி, காலை 9.25

ஒன்று மட்டும்: பிளேஸ்ஹோல்டர் படத்தின் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு ஓரத்தை மறைக்கும். செல்போனில் நிமிர்த்தி எடுத்த படத்தை அகலமான வடிவத்தில் போட்டால் தலை போய்விடும், சட்டைப் பொத்தான்தான் நடுவில் தெரியும். கிராப்பை அழுத்திப் படத்தை மட்டும் கீழே இழுத்தால் தலை திரும்ப வரும். ஷிஃப்ட்டோடு மூலையை இழுத்தால் உள்ளே இருக்கும் படம் விகிதம் கெடாமல் சின்னதாகும்.

பொங்கல் வாழ்த்துகள். நான்கு நாளைக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன்.

18 ஜனவரி, இரவு 9.00

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால், டீச்சர் மாதிரிக் கோப்பை இங்கேயே எல்லாரும் இறக்கிக்கொள்ளும்படி போட்டிருக்கிறார். அவருக்குத் தனியாக எழுதி எடுக்கச் சொல்லிவிட்டேன், எடுத்துவிட்டார். ஏன் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

மாஸ்க் என்பது மறைப்பது. அழிப்பது அல்ல. நீங்கள் ‘அ’ வடிவத்துக்குள் காட்டும் படம் கோப்புக்குள் முழுதாகத்தான் இருக்கிறது. யாராவது அதைத் தொட்டு கிராப் அழுத்தினால் மறைந்திருந்த பகுதி மங்கலாகத் தெரியும். கூகுள் ஸ்லைட்ஸிலும் அப்படித்தான், இரட்டைச் சொடுக்குப் போதும். இன்னும் நேரான வழி: பவர்பாயின்ட் கோப்பின் நகல் ஒன்றின் வால்பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்தால், பிபிடி ஃபோல்டருக்குள் மீடியா என்ற ஃபோல்டரில் படங்கள் வரிசையாக இருக்கும். பவர்பாயின்ட் கோப்பே ஒரு ஜிப் மூட்டைதான்.

வகுப்புப் படத்தில் பெற்றோர் சம்மதம் தராத பிள்ளையை மறைத்துவிட்டோம் என்று நினைப்பீர்கள். வருகைப் பதிவேட்டின் முன்னால் நின்று எடுத்த படத்தில் பதிவேட்டை வெட்டிவிட்டோம் என்று நினைப்பீர்கள். கோப்பு வாட்ஸாப் குழுவுக்குப் போனதும் அது எல்லாருக்கும் கிடைக்கும்.

பவர்பாயின்ட் இதை ஒளித்துச் செய்யவில்லை. படத்தை மறுபடி நகர்த்திச் சரிசெய்ய வேண்டும் என்பதற்காகத்தான் முழுதாக வைத்திருக்கிறது. 13ஆம் தேதிக் குறிப்பில் தலையைக் கீழே இழுக்கச் சொன்னேனே, மறைந்த பகுதி உள்ளே இருப்பதால்தான் அது முடிகிறது.

இதைவிட மோசமானது, வெட்டிச் சேமித்தாகிவிட்டது என்று கருவி சொல்லியும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருப்பது. 2023 மார்ச்சில் ஏக்ராப்பலிப்ஸ் என்ற பெயரில் அப்படியொரு ஓட்டை வெளியே வந்தது. கூகுள் பிக்சல் போன்களின் மார்க்அப் கருவியில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், புதிய சின்னப் படம் பழைய கோப்பின் மேலேயே எழுதப்படும், ஆனால் கோப்பின் வால் நறுக்கப்படாது. அந்த வாலிலிருந்து பழைய படத்தின் ஒரு பகுதியை மீட்க முடிந்தது. சில நாளில் விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூலிலும் இதே குறை தெரியவந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு முன்பே பகிர்ந்த படங்களை யார் திருத்துவது?

18 ஜனவரி, இரவு 11.15

“கம்ப்ரஸ் பிக்சர்ஸில் வெட்டிய பகுதிகளை நீக்கு என்று ஒரு டிக் இருக்கிறதே, அது போதாதா?” நல்ல கேள்வி. பாதிக்குத்தான் போதும்.

அந்த டிக் செவ்வகக் கணக்கில் வேலை செய்கிறது. வடிவத்தைச் சுற்றி நிற்கும் செவ்வகத்துக்கு வெளியே இருப்பது போய்விடும். செவ்வகத்துக்கு உள்ளே, வடிவத்துக்கு வெளியே இருக்கும் மூலைகள் அப்படியே இருக்கும். ‘அ’வுக்குச் சுழிக்கு நடுவில் இருக்கும் இடம்கூட. ‘அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்’ டிக்கை எடுக்காவிட்டால் ஒரு படத்துக்கு மட்டும் நடக்கும், மற்றவை தப்பிவிடும்.

உறுதியான வழி: படத்தின் மேல் வலது சொடுக்கு, சேவ் அஸ் பிக்சர், பிஎன்ஜி. ஸ்லைடில் இருக்கும் பழையதை அழித்துவிட்டு அந்த பிஎன்ஜியைப் போடுங்கள். இப்போது வடிவத்துக்கு வெளியே உண்மையிலேயே ஒன்றும் இல்லை. இதற்குப் பிறகு நகர்த்தவோ மாற்றவோ முடியாது, அதனால் எல்லாம் முடிந்த பிறகு வெளியே அனுப்பும் நகலில் மட்டும் செய்யுங்கள். உங்கள் மூலக் கோப்பு பத்திரமாக இருக்கட்டும்.

பிடிஎஃப் ஆக்கினால் தப்பிக்கலாம் என்று நம்ப வேண்டாம். அதிலும் படம் முழுதாக இருந்து மேலே வெட்டுக்கோடு (கிளிப் பாதை) மட்டும் மறைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. 7ஆம் தேதி சொன்ன ஓட்டைச் செவ்வகம் இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் விட மோசம், மூடியை நகர்த்தினால் போதும். மறைக்க வேண்டிய படத்துக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம்.

19 ஜனவரி, காலை 8.00

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா என்கிறார் ஒருவர். பூவும் கோலமும் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. குழந்தைகள் முகம் என்பதால் சொன்னேன்.

24 ஜனவரி, இரவு 7.50

மற்ற மென்பொருள் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில்.

லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ்: படத்தின் மேல் இன்டர்செக்ட் செய்ய முடியாது. வடிவத்தை வரைந்து, அதன் ஏரியா அமைப்பில் இமேஜ் நிரப்புங்கள். ஸ்ட்ரெச்ட் என்று இருந்தால் நசுங்கும், அளவை நாமே கொடுக்கும் தெரிவுக்கு மாற்றுங்கள். வடிவத்தின் புள்ளிகளைத் திருத்த எஃப் 8.

கீநோட்: மாஸ்க் வித் ஷேப்பில் தயார் வடிவங்கள் உண்டு. பேனாவால் வரைந்த வடிவத்துக்கு இமேஜ் ஃபில் கொடுத்து ஸ்கேல் டு ஃபில் வையுங்கள், நசுங்காது. மேக் வைத்திருப்பவர்கள் இந்த இழையில் அதிகம் இல்லை போலிருக்கிறது, இதோடு விடுகிறேன்.

கேன்வா: ஃபிரேம்கள் பார்க்க அழகு. படத்தை இழுத்துப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். எழுத்து ஃபிரேம்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, ‘அ’வைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

2 பிப்ரவரி, மாலை 5.30

டீச்சர்: “விழா மண்டபத்து லேப்டாப்பில் பழைய பவர்பாயின்ட் 2010 தானாம். பாலூ தம்பி எழுத்துருவும் அதில் கிடையாது. எல்லாம் சிதறிவிடுமா?”

சிதறாது. இன்டர்செக்ட் ஆன நொடியிலேயே ‘அ’ எழுத்தாக இருப்பதை விட்டுவிட்டது, இப்போது அது வெறும் வளைகோடுகள். எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தீர்களா யூனிகோடில் அடித்தீர்களா என்றுகூடக் கோப்புக்குத் தெரியாது. தலைப்பு, பெயர்கள் என்று சாதாரணமாக அடித்த எழுத்துதான் மாறிப்போகும். அவற்றை நிர்மலாவில் வைத்துவிடுங்கள், விண்டோஸ் 8 முதல் கூடவே வரும். அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 7 என்றால் லதா.

அங்கே போய்த் திருத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2010ல் இந்த வெட்டும் கட்டளைகள் பட்டியில் தெரியாது. ஆப்ஷன்ஸில் ரிப்பனைத் திருத்தும் இடத்துக்குப் போய், பட்டியில் இல்லாத கட்டளைகளிலிருந்து தேடி எடுத்துப் போட வேண்டும். போட்டாலும் வடிவங்களை மட்டும்தான் வெட்டும், படத்தையோ எழுத்தையோ தொடாது. வீட்டிலேயே முடித்துக்கொண்டு போங்கள்.

2 பிப்ரவரி, மாலை 5.48

மண்டபம் என்றதும் ஞாபகம் வந்தது. பகலில் விழா என்றால் புரொஜெக்டர் வெளிச்சம் வெளுத்துத்தான் விழும். வெள்ளை ஸ்லைடில் வானம் தெரிகிற போட்டோவை ‘அ’வுக்குள் போட்டிருந்தால் எழுத்தின் மேல் பாதி காணாமல் போய்விடும், பார்க்கிறவர்களுக்கு அது என்ன எழுத்தென்றே தெரியாது. ஸ்லைடின் பின்னணியை அடர் நீலமோ கரும்பச்சையோ ஆக்குங்கள். அப்படி மாற்ற மனமில்லை என்றால் வடிவத்துக்கு 3 பாயின்ட் கருப்பு ஓரக்கோடு கொடுங்கள். ஒரு நாள் முன்னதாகப் போய் மண்டபத்திலேயே, ஜன்னல்கள் திறந்திருக்கும் நேரத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.